அசுணமா நம் தமிழ்?

தமிழ்ப்பற்று என்னும் பெயரால் தமிழுக்கே தீங்கிழைக்கும் வழக்கம் ஒன்று நம் விழா மேடைகளில் வேரூன்றி வருகிறது. பழம்பாடலில் ஒரு விலங்கோ பறவையோ வந்தால் போதும். அதை இன்றைய அறிவியலோடு முடிச்சுப் போட்டு, "ஈராயிரம் ஆண்டுகட்கு முன்பே இதனை நம் புலவர்கள் கண்டறிந்துவிட்டனர்" என்று முழங்குவதும், அவையோர் கைதட்டி ஆரவாரிப்பதும் அவ்வழக்கம். கைதட்டியோருள் நாமும் இருந்தோம் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறோம். இன்று அதை மறுத்துரைக்க எழுதுகோல் எடுத்ததற்குக் காரணம் உண்டு.

சில ஆண்டுகட்கு முன், திருவனந்தபுரத்தில் நடந்த பொங்கல் விழா ஒன்றில் சொற்பொழிவாளர் ஒருவர் அசுணம் என்னும் உயிரினத்தைப் பற்றிப் பேசினார். அது மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழ்ந்தது என்றார். அதன் செவிக்கு நிகரான செவி உலகில் எவ்வுயிர்க்கும் இல்லை என்றார். யாழிசை கேட்டு மயங்கி நிற்கும். பறையொலி கேட்டால் அக்கணமே உயிர்விடும். மேலைநாட்டு அறிஞர்கள் இதனை ஆராய்ந்து உறுதி செய்துவிட்டனர் என்றும் முடித்தார். ஒன்பதாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த நம் மகள் அவ்வளவையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள்.

அடுத்த வாரம் அவள் வகுப்பில் புலன் உறுப்புகள் பற்றிய பாடம் நடந்தது. மகள் எழுந்து அசுணத்தின் பெருமையை எடுத்துரைத்தாள். ஆசிரியை சினக்கவில்லை, ஏளனம் செய்யவுமில்லை. மூன்று கேள்விகள் மட்டும் கேட்டார். அதன் எலும்பு எங்கே கிடைத்தது? எந்தக் காட்சிசாலையில் இருக்கிறது? உறுதி செய்த அறிஞர் யார்? ஒன்றுக்கும் அவளிடம் விடையில்லை. உடன் பயிலும் பிள்ளைகள் சிரித்துவிட்டனர். அன்று மாலை அவள் நம்மிடம் கேட்டது இதுதான்: "அப்பா, மேடையில் சொன்னது பொய்யா? அப்படியானால் நீங்கள் வீட்டில் சொல்லித் தருவதில் எது மெய்?"

அதன்பின் ஓராண்டுக் காலம் அவள் எந்தத் தமிழ் விழாவுக்கும் வரவில்லை. தமிழ்நாட்டில் வளரும் பிள்ளைக்கு ஒரு மேடைப் பொய்யால் பெரிய இழப்பு நேராது. தெருவும் கடையும் திரையரங்கும் தமிழை அதன் காதில் ஓதிக்கொண்டே இருக்கும். இங்கு வாழும் நம் பிள்ளைகளின் நிலை வேறு. பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும், வெளியில் மலையாளம், வீட்டில் மட்டும் தமிழ் என வாழும் பிள்ளைக்குப் பெற்றோரும் சங்கமும் சொல்வதே தமிழ். அச்சொல் ஒருமுறை பொய்த்தால் அறுந்துபோவது ஒரு விலங்கின் கதையன்று. பிள்ளைக்கும் தமிழுக்கும் உள்ள ஒரே நூலிழை.

நாம் நடுவண் அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தர். இளங்கலைப் பட்டத்துக்கு மேல் கற்றோமல்லோம். எனினும் கோப்புகளோடு கழித்த இருபது ஆண்டுகளில் ஒன்று கற்றிருக்கிறோம். குறிப்புக்கு ஆதாரத் தாள் இணைக்கப்படவில்லை எனில், எவ்வளவு அழகாக எழுதியிருந்தாலும் கோப்பு திரும்பி வந்துவிடும். சில ரூபாய்ப் பயணப்படிக்கே சீட்டு வேண்டும் என்றால், ஈராயிரம் ஆண்டுப் பெருமைக்குச் சான்று வேண்டாவா?

அசுணம்: ஏட்டில் உள்ளது எவ்வளவு?

முதலில் ஏட்டைப் பார்ப்போம். சங்க இலக்கியத்தில் அசுணத்தைச் சுட்டும் பாடல்களாக நாம் தேடிப் படித்தவை மூன்று. நற்றிணையின் 244ஆம் பாட்டில், மழை பெய்த மலைச்சாரலில் கூதளம்பூ மணக்கும் வண்டின் இனிய குரலை அசுணம் செவிதாழ்த்திக் கேட்கிறது. அகநானூற்றின் 88ஆம் பாட்டில், யானையின் மதநீரை மொய்க்கும் வண்டுகளின் ஆரவாரத்தை யாழோசை என்று கருதி, மலைப்பிளவில் இருந்தபடி கேட்கிறது. நற்றிணையின் 304ஆம் பாட்டில் தலைவி, தலைவன் மார்பு இன்பமும் துன்பமும் ஒருங்கே தருவது, அசுணத்தைக் கொல்பவர் கையைப் போன்றது என்கிறாள்.

இம்மூன்றிலும் அசுணத்தின் நிறம் இல்லை, உருவம் இல்லை, குளம்போ நகமோ சிறகோ சொல்லப்படவில்லை. பறையொலியால் அது சாகும் என்னும் செய்தியும் வெளிப்படையாக இல்லை. யாழால் ஈர்த்துப் பறையால் கொல்வர் என்று விளக்கம் தருவோர் உரையாசிரியர்கள். பறை ஒலித்தால் அசுணமா வாழாது என்று வெளிப்படக் கூறுவது பதினெண்கீழ்க்கணக்கு நூல்களுள் ஒன்றான நான்மணிக்கடிகை. பிற்கால வழக்கில் சிலர் அதனை விலங்கு என்றும், வேறு சிலர் பறவை என்றும் கொண்டனர். விலங்கா பறவையா என்பதே உறுதிப்படாத ஒன்றின் செவித்திறனை அளந்து முடித்துவிட்டதாக மேடையில் கூறுவது எங்ஙனம் பொருந்தும்?

"இன்று இல்லாமையால் அன்றும் இல்லை என்று ஆகுமா? அழிந்துபோன இனமாக இருக்கலாகாதா?" என்று கேட்பவர் உண்டு. இருக்கலாம் என்பது ஒரு வினா; இருந்தது என்பது ஒரு விடை. வினாவை விடையாக்க எலும்பு வேண்டும், பல் வேண்டும், தடம் வேண்டும். அவை கிடைக்கும்வரை அசுணம் புலவர் உலகத்து உயிர் என்று கொள்வதே நேர்மை. அதனால் அப்பாடல்களின் அழகில் அணுவளவும் குறையாது.

மேலைநாட்டார் உறுதி செய்தது எதனை?

"மேலைநாட்டு அறிஞர் உறுதி செய்தனர்" என்னும் தொடர் நம் மேடைகளில் மந்திரம்போல் ஓதப்படுகிறது. அறிஞர் ஒன்றனை உறுதி செய்யும் முறை யாது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுத் தருவோம்.

1984இல் அமெரிக்க நாட்டின் போர்ட்லண்ட் நகர விலங்குக்காட்சிசாலையில், கேட்டி பெயின் என்னும் அம்மையார் ஆசிய யானைகளின் கூண்டருகே அமர்ந்திருந்தார். காதில் ஒலி எதுவும் விழாத நேரத்திலும் காற்று மெல்ல அதிர்வதுபோல் அவருக்குத் தோன்றிற்று. இளமையில் தேவாலயப் பாடற்குழுவில் நின்றபோது, குழலிசைக் கருவியின் மிகத் தாழ்ந்த சுரங்கள் செவிக்கு எட்டாமல் உடம்பில் அதிர்ந்தது அவர் நினைவுக்கு வந்தது. யானைகள் நம் செவிக்கு எட்டாத தாழ்குரலில் பேசுகின்றனவோ என ஐயுற்றார். ஐயத்தை அறிவிப்பாக முழங்கவில்லை. கருவிகளோடு மீண்டும் சென்று ஒலிகளைப் பதிவு செய்தார். நாடாவை விரைவாக ஓடவிட்டபோது, அதுவரை கேளாத குரல்கள் கேட்டன. மனிதச் செவி ஏறத்தாழ 20 ஹெர்ட்ஸுக்குக் கீழ்ப்பட்ட ஒலியைக் கேளாது. யானை அவ்வெல்லைக்குக் கீழும் குரல் எழுப்புகிறது, கேட்கவும் செய்கிறது. உடன் ஆய்ந்தவர்களோடு அவர் இதனை 1986இல் வெளியிட்டார்.

ஐயம், பதிவு, வெளியீடு, பிறர் சோதனை என்பதே அம்முறை. நம் அகநானூற்றின் 102ஆம் பாட்டில், பரண்மேல் கூந்தல் உலர்த்தியபடி கொடிச்சி குறிஞ்சிப் பண் பாட, தினை கவர வந்த களிறு கதிரையும் கொள்ளாமல், நின்ற இடத்தையும் விட்டு நீங்காமல் உறங்கிவிடுகிறது. எத்துணை இனிய காட்சி! ஆனால் அப்பாட்டையும் போர்ட்லண்ட் நகரப் பதிவையும் ஒட்டவைத்து, தாழ்குரல் ஒலியைச் சங்கப் புலவர் அறிந்திருந்தனர் என்று கூறுவது புலவருக்கும் இழுக்கு, ஆய்வாளருக்கும் இழுக்கு. புலவர் கூறியது யானை இசைக்கு வயப்படும் என்பதை. ஆய்வாளர் கண்டது யானையின் குரல் நம் செவியின் எல்லைக்கு அப்பால் செல்லும் என்பதை. இரண்டும் வேறு.

நம்மை அழவைத்த நிகழ்ச்சி ஒன்றும் இவ்வாறே மேடைப்பொருளாயிற்று. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை குமரிக் கடற்கரையையும் கேரளக் கடற்கரையையும் தாக்கியது. நம்மவர் பலர் உற்றாரை இழந்தனர். இலங்கையின் யால காட்டில் இறந்த விலங்குகள் அதிகம் காணப்படவில்லை என்னும் செய்தி வந்தது. உடனே, யானைகள் முன்னுணர்ந்து ஓடின, முன்னோர் இவ்வுணர்வை அறிந்திருந்தனர், நாம்தாம் மறந்தோம் என்னும் பேச்சு எழுந்தது. அக்காட்டில் அவ்வேளை செயற்கைக்கோள் வழித் தடமறியும் கழுத்துப்பட்டை அணிந்த யானைகள் இரண்டு இருந்தன. அவற்றின் நடமாட்டத்தை ஆராய்ந்து 2006இல் வெளியிட்ட அறிஞர்கள், அவை முன்னுணர்ந்து ஓடியதற்குத் தெளிவான சான்று இல்லை என்றனர். இரண்டு யானைகளைக் கொண்டு எல்லா யானைகளுக்கும் தீர்ப்பெழுத இயலாது என்பது மெய். ஒரு வதந்தியைக் கொண்டு எழுத இயலாது என்பது அதனினும் மெய்.

கட்செவி என்னும் சொல்

பாம்புக்குக் கட்செவி என்று ஒரு பெயர் நம் நிகண்டுகளில் உண்டு. கண்ணையே செவியாக உடையது என்பது பொருள். இதனையும் அறிவியலாக்கிப் பேசுகின்றனர். முதற்கண், இது தமிழுக்கு மட்டும் உரிய கருத்தன்று. வடமொழியிலும் இதே பொருளுடைய பெயர் பாம்புக்கு உண்டு. இரண்டாவதாக, பாம்பு கண்ணால் கேட்பதில்லை.

பாம்புக்குப் புறச்செவி இல்லை, செவிப்பறையும் இல்லை, உட்செவி உண்டு. அந்த உட்செவியைத் தாடையோடு இணைக்கும் சிற்றெலும்பு ஒன்று உண்டு. தரையின் அதிர்வு தாடை வழியே அவ்வெலும்பை அடைந்து உட்செவிக்குச் செல்கிறது. காற்றில் வரும் தாழ்ந்த ஒலிகளையும் பாம்பு உணர்கிறது என அண்மைக்கால ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆத்திரேலியாவின் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தார் 2023இல் வெளியிட்டது அவற்றுள் ஒன்று. பாம்பாட்டியின் மகுடிக்கு ஆடுவதாக நாம் நினைக்கும் நாகம், மகுடியின் அசைவையே கண்ணால் பின்தொடர்கிறது. புறச்செவியைக் காணாத முன்னோர், மகுடியை விட்டு அகலாத கண்ணைக் கண்டு, கண்ணே செவி எனக் கருதியிருக்கலாம். அது நல்ல ஊகம், தவறிய ஊகம். தவறியதைத் தவறியது என்று சொன்னால் முன்னோர் நம்மைச் சபிக்கமாட்டார்.

இதனினும் பெரிய வியப்பு நம் மலையிலேயே இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழும் குழிவிரியன் பாம்பின் கண்ணுக்கும் மூக்குத்துளைக்கும் நடுவே ஒரு சிறு குழி உண்டு. இரையின் உடல் வெப்பத்தை அக்குழி உணர்கிறது. கண் காணாத இருளிலும் குறி தப்பாமல் தாக்க அது துணைசெய்கிறது. குழிவிரியன் இனத்தின் இவ்வாற்றலைச் சோதனையால் விளக்கிய ஆய்வு 1937இல் வெளிவந்தது. கண்ணே செவி என்னும் கற்பனையைவிட, முகத்தில் வெப்பத்தைக் காணும் குழி என்னும் மெய் எவ்வளவு விந்தையானது! இந்த மெய்யைப் பிள்ளைகளுக்குச் சொல்ல நம் மேடையில் ஒருவரும் இல்லை.

ஆறறிவும் ஓர் அறிஞரும்

தொல்காப்பிய மரபியல் உயிர்களைப் புலன்களின் எண்ணிக்கையால் வகுக்கிறது. புல்லும் மரமும் தொடுவுணர்வு மட்டும் உடைய ஓரறிவுயிர். நத்தை முதலியவை சுவையும் கூடிய ஈரறிவுயிர். கறையானும் எறும்பும் மணமும் அறியும் மூவறிவுயிர். நண்டும் தும்பியும் கண்ணும் உடைய நாலறிவுயிர். விலங்குகள் செவியும் உடைய ஐந்தறிவுயிர். மனமும் உடையோர் மக்கள்.

உயிர்களை எதனால் உணர்கின்றன என்னும் அடிப்படையில் பகுத்தது பெருஞ்செயல், இதில் ஐயமில்லை. ஆயினும் ஒவ்வொரு பகுப்பும் இன்றைய உயிரியலுக்கு ஒத்துவருகிறது என்பார் கூற்றை மறுக்கிறோம். எறும்பு மணத்தடம் பற்றிச் செல்வது மெய். பெரும்பாலான எறும்புகளுக்குக் கண்ணும் உண்டு. வேலைக்காரக் கறையான்களில் பெரும்பாலானவை குருடு என்பது மெய்; நத்தைக்கு மணம் அறியும் ஆற்றல் இல்லை என்பது மெய்யன்று. பாதி பொருந்துகிறது, பாதி பொருந்தவில்லை. பழைய நூல் ஒன்றில் பாதி பொருந்துவதே பெருமைதான். இன்னுமொன்று: தொல்காப்பியர் இதனைத் தம் கண்டுபிடிப்பு என்று எங்கும் கூறவில்லை, நன்கு உணர்ந்தோர் நெறிப்படுத்தியது என்றே கூறுகிறார். அவர் உரிமை கொண்டாடாததற்கு நாம் அவர் பெயரால் உரிமை கொண்டாடுகிறோம்!

புலன்களின் எண்ணிக்கையால் உயிர்களை வகுக்கும் இம்முறை சமண நூல்களிலும் உண்டு. இதனையும் சான்றாகக் கொண்டே, தொல்காப்பியர் சமணர் என வாதிட்டார் ச. வையாபுரிப் பிள்ளை. இதே திருவனந்தபுரத்தில் சில ஆண்டுகள் வழக்கறிஞராக இருந்தவர் அவர். பின்னர்ச் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியர். அவர் முடிவுகளை மறுக்கலாம். மறுத்தோர் பலர் உளர். ஆனால் சான்று கேட்ட காரணத்தாலேயே தமிழ்ப்பகைவர் என்று வசை வாங்கியவர் அவர். அவருக்கும் முன்னே, 'மனோன்மணீயம்' இயற்றிய பெ. சுந்தரம் பிள்ளை இந்நகரத்துக் கல்லூரியில் தத்துவம் கற்பித்தார். வேணாட்டு மன்னர் வரலாற்றைச் செவிவழிக் கதைகளை விடுத்துக் கல்வெட்டுகளைப் படித்து எழுதினார். அவர் பாடிய தமிழ்த்தாய் வாழ்த்தோடு நம் விழாக்களைத் தொடங்குகிறோம். அவர் கைக்கொண்ட ஆய்வு நெறியை வாழ்த்து முடிந்தவுடன் மறந்துவிடுகிறோம். சான்று கேட்பது நம் மரபுக்கு அயலானது என்பார், நம் நகரத்து மரபையே அறியாதவர்.

ஏளனம் செய்வோர்க்கும் ஒரு சொல்

இனி மறுபுறத்தாரிடம் வருவோம். "அசுணம் பொய், அன்னம் பாலையும் நீரையும் பிரிப்பது பொய், ஆகவே பழம்பாடல்கள் யாவும் கட்டுக்கதை" என்று கூறி மீசையை முறுக்குவோர் நம்முள் உளர். இவர்கள் பாட்டைப் படிக்காமலே தீர்ப்பெழுதுபவர். பார்வையாலேயே கொல்லும் பசிலிஸ்க் என்னும் பாம்பைப் பற்றி உரோம நாட்டுப் பிளினி எழுதினார். சாகும்போது அன்னம் பாடும் என்று கிரேக்கர் நம்பினர். அதைப் பிளினியே மறுத்துரைத்தார். ஐரோப்பியர் அக்கதைகளைக் குப்பையில் எறியவில்லை. அறிவியல் என்று பறைசாற்றவும் இல்லை. கதையைக் கதையாகவே போற்றுகின்றனர்.

ஈழத்துப் பூதன்தேவனார் பாடிய அகநானூற்று 88ஆம் பாட்டை இருசாராரும் ஒருமுறை முழுமையாகப் படிக்க வேண்டுகிறோம். இரவில் வந்து தலைவியைக் கண்டு மீளும் தலைவன், அச்சந்தரும் மலைவழியில் பாதுகாப்பாகச் சென்றானோ என்னும் கவலையே பாட்டு. தினைப்புனத்தை நெருங்கும் காட்டுப்பன்றி பல்லியின் ஒலியைச் செவிமடுத்து வருகிறது. பன்றி வரும் வகையைக் கானவன் நோக்குகிறான். அவன் பரண்மேல் ஏற்றிய விளக்கொளியை நோக்கியே தலைவன் வந்தான். வழியில் புலியைக் கொன்ற யானையின் மதநீரில் வண்டுகள் ஆர்க்கின்றன. அதனை யாழ் எனக் கருதி அசுணம் கேட்கிறது. கரடி புற்றைத் தோண்டுகிறது.

இவற்றை ஒவ்வொன்றாகச் சோதித்துப் பாருங்கள். காட்டுப்பன்றிக்குப் பார்வை மந்தம். செவியும் மூக்கும் கூர்மை. ஓசை கேட்டுத் தயங்கும் பன்றி கற்பனையன்று. உக்கிரப் பெருவழுதி பாடிய நற்றிணை 98ஆம் பாட்டிலும் பன்றி பல்லியின் ஒலி கேட்டு மெல்லப் பின்வாங்குகிறது. பல்லி சொல்லும் நிமித்தத்தைப் பன்றி அறியும் என்பது புலவர் ஏற்றிய கருத்து. ஒலிக்கு நின்று செவிசாய்ப்பது காட்டில் கண்டது. கரடி இன்றும் இம்மலைகளில் புற்றைத் தோண்டி, மூக்குத்துளைகளை மூடிக்கொண்டு, முன்மேற்பற்கள் இரண்டு இல்லாத இடைவெளியால் கறையானை உறிஞ்சி உண்கிறது.

மதநீரும் வண்டும் வெறும் கவிமரபு என்றே நாம் நெடுநாள் எண்ணியிருந்தோம். 2002இல் 'நேச்சர்' இதழில் ராஸ்முசன் அம்மையாரும் பிறரும் எழுதிய ஆய்வு வெளிவந்தது. அவர்களுள் ஒருவர் தமிழ்நாட்டு யானைகளுக்கு நெடுங்காலம் மருத்துவம் பார்த்த வி. கிருஷ்ணமூர்த்தி. இளம் ஆண் யானைகளின் மதநீர் தேன் போன்ற நறுமணம் உடையது. முதிர்ந்த யானைகளுடையது கடுநாற்றம் உடையது என்று அவர்கள் கண்டனர். இளங்களிற்றின் மதநீரை வண்டு மொய்ப்பதாகப் பழைய இந்தியக் கவிகள் பாடியதையும் நினைவுகூர்ந்தனர். இதுவன்றோ பெருமை! ஆயினும் இங்கும் எல்லை மீறோம். நம் பாட்டு யானை இளையதா முதிர்ந்ததா என்று புலவர் கூறவில்லை. அம்மணம் வண்டை ஈர்க்கிறதா என்பதும் தனியே ஆராய வேண்டிய வினா. சான்று எவ்வளவு தூரம் செல்கிறதோ அவ்வளவு தூரம் நாமும் செல்வோம். அதற்குமேல் ஓரடியும் வேண்டா.

எஞ்சியது அசுணம். கண்டவை இத்தனை நடுவே காணாத ஒன்றைப் புலவர் ஏன் வைத்தார்? பாட்டை மீண்டும் பாருங்கள். பன்றி செவிமடுக்கிறது, கானவன் நோக்குகிறான், அசுணம் செவிதாழ்த்திக் கேட்கிறது. பாட்டு முழுவதும் இருளில் விழித்திருக்கும் செவிகளும் கண்களுமே. அவை எல்லாவற்றுக்கும் மேலாக விழித்திருப்பவள், இருளில் சென்றவன் என்ன ஆனானோ என்று உறங்காமல் கிடக்கும் பெண். அவளது செவிக்கு ஒப்பாக நிற்கும் கூர்மை பன்றிக்கும் இல்லை, கானவனுக்கும் இல்லை. அதனால்தான் அசுணம் வந்தது என்பது நம் கருத்து. பிழைப்புக்காகப் பிள்ளையையோ கணவனையோ தொலைவுக்கு அனுப்பிவிட்டு, நள்ளிரவில் வண்டிச் சத்தத்துக்குக் காதைத் தீட்டிப் படுத்திருந்த நம் குடும்பத்துப் பெண்களுக்கு இப்பாட்டை விளக்கவே வேண்டியதில்லை. அதனை விலங்கியல் பாடமாக்கி அந்தப் பெண்ணை மறந்துவிட்டோமே, அதுவே நம் பெருங்குற்றம்.

"பற்று வேண்டாவா?" என்பார்க்கு

"அயலூரில் வாழ்கிறோம், நம் பிள்ளைகளுக்குப் பெருமிதம் ஊட்ட வேண்டாவா? சற்று மிகைப்படுத்தினால் என்ன?" என்று நண்பர்கள் கேட்கின்றனர். கேள்வி நியாயமானது, விடை பட்டறிவால் கிடைத்தது. மிகைப்படுத்திய பெருமிதம் வீட்டுக்குள் நிற்கும்; வகுப்பறையில் நிற்காது. நாம் தரும் காசு கடைத்தெருவில் செல்லாக்காசானால், பிள்ளை காசை மட்டுமா வெறுக்கும்? தந்த கையையும் வெறுக்கும்.

ஆகவே நம் சங்கங்களுக்கு எளிய வேண்டுகோள்கள் சில விடுக்கிறோம். பழம்பாடலில் அறிவியல் உண்டு என்று பேசுவோர், பாட்டின் எண்ணையும் ஆய்வு வெளிவந்த ஆண்டையும் அவையில் கூறட்டும். கூறும் முன் பாட்டை முழுமையாகப் படித்துக் காட்டட்டும். கண்டு எழுதியது, நம்பி எழுதியது, உவமைக்காகப் படைத்தது என மூன்று கோப்புகள் வைத்து, ஒவ்வொரு செய்தியையும் உரிய கோப்பில் சேர்க்கப் பிள்ளைகளைப் பழக்கட்டும். ஐயமுள்ளதற்கு நான்காம் கோப்பு ஒன்றும் இருக்கட்டும். அதில்தான் நாளைய ஆராய்ச்சி கிடக்கிறது. ஞாயிறு வகுப்பில் ஒரு நாளேனும் பிள்ளைகளை நம் நகரத்து விலங்குக்காட்சிசாலைக்கு அழைத்துச் செல்லட்டும். பாம்புக் கூடத்தில் கண்ணாடியைத் தட்டவேண்டா என்று ஏன் சொல்கிறோம் என்பதைக் கட்செவி என்னும் சொல்லோடு சேர்த்து விளக்கட்டும்.

இறைவனே எழுதிய பாட்டாயினும் பொருளில் குற்றமுண்டு என்று சொன்ன நக்கீரரைத் 'திருவிளையாடல்' திரைப்படத்தில் கண்டு, 1965 முதல் கைதட்டி வருகிறோம். அங்கும் வழக்கு ஒரு புலனைப் பற்றியதே: பெண்ணின் கூந்தலுக்கு இயற்கை மணம் உண்டா என்பது. இறைவனிடம் சான்று கேட்ட புலவரைக் கொண்டாடும் நாம், மேடைப் பேச்சாளரிடம் சான்று கேட்க அஞ்சுவானேன்?

ஓராண்டு கழித்து ஒரு மழைநாள் இரவில் நாம் அந்த 88ஆம் பாட்டை மகளோடு அமர்ந்து படித்தோம். அசுணத்துக்குச் சான்று இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட்டோம். சுவரில் பல்லி ஒலித்தது. "இதைக் கேட்டா அந்தப் பன்றி நின்றது?" என்று கேட்டாள். பன்றிக்கு இக்குரல் கேட்குமா என்று தேடிப் பார்க்கலாம் என்றோம். அவ்வாண்டுப் பொங்கல் விழாவுக்கு அவள் வந்தாள், குறிப்பேட்டையும் கொண்டுவந்தாள்.

பறையொலி கேட்டதும் உயிர்விடுவது அசுணம். ஒரு பள்ளி ஆசிரியை கேட்ட மூன்று கேள்விகளில் உயிர்விட்டது தமிழன்று. நாம் தமிழ் என்று எண்ணி வளர்த்த மேடைப் பெருமை. ஈராயிரம் ஆண்டுக் காலம் எத்தனையோ பறையொலிகளைக் கேட்டும் வாழும் மொழி இது. அதனைக் கேள்விக்கு அஞ்சும் அசுணமாக்கி நம் பிள்ளைகள் கையில் கொடுக்கவேண்டா.